சின்னப் பாண்டி நல்லா இருக்கானா?

1

திங்கட்கிழமை காலைகளில் எங்கள் ஆய்வகத்தில் எலிகளுக்குக் கூண்டு மாற்றுவார்கள். பழைய மரத்தூளைக் கொட்டிவிட்டு, புதிய தூள் பரப்பிய சுத்தமான கூண்டில் எலியை எடுத்து விட வேண்டும். அவ்வளவுதான் வேலை. ஆனால் எங்கள் எலிகளுக்கு அது பெரிய கண்டம். புதுத்தூளின் வாசனை மூக்கில் ஏறியதும் சிலவற்றுக்கு வலிப்பு வந்துவிடும். வால் விறைக்கும், முன்னங்கால்கள் வெட்டி வெட்டி இழுக்கும். பிறகு ஒன்றுமே நடக்காததுபோல மூலையில் போய் உட்கார்ந்துகொள்ளும். எதற்கு வந்தது, எவ்வளவு நேரம் இருந்தது என்று குறித்துக்கொள்வது என் வேலை. ஜெர்மனியில் இந்தச் சின்ன நகரத்தில் சில வருஷமாக இதைத்தான் செய்கிறேன். ஊரில் கேட்டால் 'விஞ்ஞானி' என்பார்கள். நான் எழுதும் கட்டுரைகளில் என் பெயர் முதலிலும் வராது, கடைசியிலும் வராது. நடுவில் கூட்டத்தோடு கூட்டமாக நிற்கும்.

போன திங்கட்கிழமை கூண்டு மாற்றவில்லை. மேலிடத்திலிருந்து ஒரு மின்னஞ்சல் வந்திருந்தது. இதே நோய்க்கு இதைவிடத் துல்லியமான எலி வேறொரு ஊரில் உருவாகிவிட்டதாம். எனவே எங்கள் எலி வகை இனித் தேவையில்லை, மீதமிருப்பவற்றை இந்த வாரத்துக்குள் முடித்துவிடுங்கள் என்று நாலே வரி. கடைசியில் 'அன்பான வாழ்த்துகளுடன்' என்றும் போட்டிருந்தார்கள். அது இந்த ஊர் வழக்கம். எழவுச் செய்தி என்றாலும் அன்பான வாழ்த்துகளோடுதான் வரும்.

அந்த எலிகளின் மூளையில் இருந்த பிழையும் என் அக்கா மகன் பாண்டியின் மூளையில் இருந்த பிழையும் ஒன்றே. பாண்டி போய் ஒரு வருஷம் ஆகிறது. ஒவ்வொரு ஞாயிற்றுக்கிழமையும் அக்கா போன் செய்வாள். நலம் விசாரித்து முடித்ததும் ஒரே ஒரு கேள்வி கேட்பாள்: "சின்னப் பாண்டி நல்லா இருக்கானா?" அந்த எலிகளுக்கெல்லாம் சேர்த்து அவள் வைத்த பெயர் அது.

வருகிற ஞாயிற்றுக்கிழமை என்ன பதில் சொல்வது என்று தெரியாமல்தான் அந்த மின்னஞ்சலைத் திரும்பத் திரும்பப் படித்துக்கொண்டிருந்தேன்.

2

அக்கா இருப்பது சின்னமனூரைத் தாண்டி ஒரு கிராமம். திராட்சையும் வாழையும் போட்டிருக்கிறார்கள். அக்காவைக் கட்டிக்கொண்டவர் எங்கள் அம்மாவின் கூடப்பிறந்த தம்பி, தவசி மாமா. எங்கள் பக்கத்தில் இது அதிசயமே இல்லை. தாய்மாமன் இருக்கும்போது பெண்ணை அந்நியத்தில் கொடுத்தால்தான் ஊர் பேசும். "என் தம்பிய விட்டுட்டு எவன்கிட்டக் குடுக்கப் போறேன்" என்று அம்மா சொன்னாள். அத்தோடு கல்யாணப் பேச்சு முடிந்தது. மாமாவும் நல்ல மனிதர். அக்கா முகம் சுளித்து நான் பார்த்ததில்லை.

பாண்டி பிறந்து ஆறாம் மாதத்தில் முதல் வலிப்பு வந்தது. வேண்டாத கோயிலில்லை, பார்க்காத வைத்தியமில்லை. குமுளிக்கு மேலே ஒரு வைத்தியரிடம் எண்ணெய் வாங்கித் தேய்த்தார்கள். மதுரையில் பெரிய டாக்டரிடம் காட்டினார்கள். அவர் பிள்ளையைத் தொடுவதற்கு முன்பே கேட்ட முதல் கேள்வி, "சொந்தத்துல கல்யாணமா?" என்பது. அவர் மருத்துவத்துக்காகத்தான் கேட்டார். அக்காவுக்கு அது போலீஸ் ஸ்டேஷனில் கேட்பதுபோல இருந்திருக்கிறது. "தப்புப் பண்ணுனவ மாதிரித் தலையக் குனிஞ்சுக்கிட்டேன் தம்பி" என்றாள்.

ரத்தப் பரிசோதனை முடிவு வந்ததும் நான்தான் போனில் விளக்கினேன். அவளுக்குப் புரிகிற மாதிரிச் சொல்ல வேண்டுமே என்று யோசித்து, கிணற்று மோட்டாரைச் சொன்னேன். ஒவ்வொரு மரபணுவும் நமக்கு இரண்டு இரண்டாக இருக்கும். ஒன்று அப்பா கொடுத்தது, ஒன்று அம்மா கொடுத்தது. கிணற்றில் இரண்டு மோட்டார் இருந்தால் ஒன்று பழுதானாலும் மற்றது தண்ணீர் இறைத்துவிடும். உனக்கும் மாமாவுக்கும் ஒவ்வொரு மோட்டார் பழுது, அதனால் ஒன்றும் தெரியவில்லை. பாண்டிக்கு இரண்டுமே பழுதாக வந்து சேர்ந்துவிட்டது என்றேன்.

"அப்பன் மோட்டாரும் ஆத்தா மோட்டாரும் ஒரே கடையில வாங்குனது, அதான?" என்றாள்.

இவ்வளவு வருஷம் இதைப் படித்த நான் அதைவிடச் சுருக்கமாகச் சொல்லிவிட முடியாது. அவள் சிரிக்கத்தான் சொன்னாள்.

3

அப்போது நான் வேறு ஏதோ மரபணுவில் வேலை பார்த்துக்கொண்டிருந்தேன். என் பேராசிரியரிடம் போய் விஷயத்தைச் சொன்னேன். இதே பிழையுள்ள குழந்தைகள் வேறு நாடுகளிலும் இருப்பதால் அவர் ஒத்துக்கொண்டார். எலியின் மரபணுவில் அதே இடத்தில் அதே பிழையைச் செய்து வைத்து, அதற்கு வலிப்பு வருகிறதா, மூளையில் என்ன நடக்கிறது, எந்த மருந்து கேட்கிறது என்று பார்ப்பதுதான் திட்டம். குழந்தையின் மூளையைத் திறந்து பார்க்க முடியாது. அதனால்தான் எலி.

குட்டிகள் பிறந்து, வலிப்பும் வந்தது. வலிப்பு வந்ததற்கு ஆய்வகத்தில் கைதட்டினார்கள். எலி சரியாக அமைந்துவிட்டது என்று அதற்குப் பொருள். நானும் தட்டினேன். தட்டிவிட்டுக் கழிவறைக்குப் போய்க் கொஞ்ச நேரம் நின்றுவிட்டு வந்தேன்.

அக்காவிடம் சொன்னபோது, "எலிக்கா? பாண்டிக்கு இருக்கிறதேவா?" என்று இரண்டு முறை கேட்டாள். பிறகு, "அதுக்குப் பேரு என்ன?" என்றாள். பேரெல்லாம் வைப்பதில்லை, காதில் துளைபோட்டு எண்தான் என்றேன். "காதுகுத்து முடிஞ்சு பேரு வைக்கலையா? நல்ல ஊருடா" என்று அவளே பெயர் வைத்தாள். எலிக்கு ஆயுசு இரண்டு வருஷம்தான் என்று சொல்லியிருந்தேன். அதனால் குட்டி, பேரன், பூட்டன் எல்லாம் அவளுக்குச் சின்னப் பாண்டிதான். அது ஒரு வம்சம்.

"எனக்குத் தெரியாதா அது எலின்னு?" என்று ஒருமுறை கேட்டாள். "ஆனா இவன்ட்ட இருக்கிறது அதுட்ட இருக்குல்ல. அது பொழச்சா இவன் பொழப்பான்."

எலிக்குப் பஞ்சுத் துண்டு கொடுத்தால் அதைப் பிய்த்துப் பிய்த்துக் கூடு கட்டும். சீக்கு எலி கட்டாது. துண்டு போட்டது போட்டபடி கிடக்கும். பாண்டியின் எலிகளும் கட்டியதில்லை. முதலில் கொடுத்த மருந்து கேட்கவில்லை. இரண்டாவது மருந்தைக் கொடுத்துச் சில வாரம் கழித்து ஒரு காலையில் போய்ப் பார்த்தேன். கூண்டின் மூலையில் பஞ்செல்லாம் பிய்ந்து கிண்ணம்போலக் குவிந்திருந்தது. நடுவில் எலி சுருண்டு தூங்கிக்கொண்டிருந்தது. நெறிமுறையை எல்லாம் மறந்து கண்ணாடிக்கு இந்தப்பக்கம் நின்றே அக்காவுக்கு போன் போட்டேன்.

"அக்கா, கூடு கட்டிருச்சுக்கா."

அவள் அழுதுகொண்டே சொன்னதில் பாதி எனக்குக் கேட்கவில்லை. பின்னால் தவசி மாமா, "என்னவாம், என்னவாம்?" என்று கேட்டுக்கொண்டிருந்தார்.

அந்தச் சித்திரையில் வீரபாண்டித் திருவிழாவுக்குப் போய் கௌமாரியம்மனுக்கு நேர்த்திக்கடனாக ஆயிரங்கண் பானை எடுத்திருக்கிறாள். நேர்ந்துகொண்டபடி பிள்ளைக்கு ஒரு மண் உருவாரம் வாங்கி வைத்தாள். கூடவே எலிக்கும் ஒன்று கேட்டிருக்கிறாள். உருவாரம் விற்றவர், "பிள்ளையார் வாகனத்துக்கு அம்மன் கோயில்ல என்னம்மா வேலை?" என்று சிரித்தாராம். "அதுவும் எங்க வீட்டுப் பிள்ளதான்யா, செஞ்சு குடுங்க" என்று நின்று வாங்கியிருக்கிறாள். படம் அனுப்பினாள். மண்ணில் செய்த பிள்ளையும் மண்ணில் செய்த எலியும் பக்கத்தில் பக்கத்தில். எலிக்கு வால் கொஞ்சம் தடிமனாக இருந்தது. அந்தப் படம் இன்னும் என் போனில் இருக்கிறது.

எலியிடமிருந்து குழந்தைக்கு ஒரு மருந்து வந்து சேர எத்தனை வருஷம் ஆகும் என்பதை நான் அக்காவிடம் மறைக்கவில்லை. சொல்லத்தான் செய்தேன். "அதெல்லாம் ஆகட்டும், அவன் காத்திருப்பான்" என்றாள்.

4

இந்த நாட்டில் ஒரு எலியைத் தொட வேண்டுமென்றால் அரசாங்கத்துக்குப் பக்கம் பக்கமாக எழுதிக் கொடுக்க வேண்டும். அதற்கு எவ்வளவு வலிக்கும், லேசா, நடுத்தரமா, கடுமையா? வலி எந்த அளவைத் தாண்டினால் உடனே அதன் கதையை முடித்து விடுதலை கொடுப்பீர்கள்? எடை எவ்வளவு குறையலாம்? வலிப்பு எவ்வளவு நேரம் நீடிக்கலாம்? எல்லாவற்றுக்கும் அளவு உண்டு. நான் குறை சொல்லவில்லை. நல்ல சட்டம்தான். ஆனால் அதை நிரப்பும்போதெல்லாம் பாண்டிக்கு இப்படி ஓர் அளவை யாரும் எழுதி வைக்கவில்லையே என்று தோன்றும்.

ஐப்பசி மழையில் காய்ச்சல் வந்து, வலிப்பு ஆரம்பித்து, நிற்கவே இல்லை. தேனிக்குக் கொண்டுபோகும் வழியிலேயே போய்விட்டான். ஒன்பது வயசு.

விடுப்புக் கேட்கப் போனேன். மனைவி, பிள்ளை, பெற்றோர் இறந்தால் தனி விடுப்பு. அக்கா மகன் பட்டியலில் இல்லை. அலுவலகத்தில் இருந்த அம்மாள் இரக்கமுள்ளவர். எப்படியாவது நெருங்கிய உறவாகக் காட்ட முடியுமா என்று அவரே கேட்டார். "இறந்தவன் என் அக்காவின் மகன். என் மாமாவின் மகனும் அவனே. ஏனென்றால் என் அக்காவின் கணவர் என் அம்மாவின் தம்பி" என்றேன். அவர் பேனாவைக் கீழே வைத்துவிட்டு என்னைப் பார்த்தார். இரண்டு பக்கமும் சொந்தம், அதனால் இரண்டு மடங்கு துக்கம் என்று எங்கள் ஊரில் ஒரு வார்த்தையில் புரிந்துவிடும். அந்த அறையில் அது வேறு மாதிரிப் போய் விழுந்தது. கடைசியில் சாதாரண விடுப்புதான் கிடைத்தது, அதுவும் இரண்டு வாரம் கழித்து. பாண்டியை மண்ணில் இறக்கியதை போனில் பார்த்தேன். யாரோ பிடித்திருந்த போன். படம் ஆடிக்கொண்டே இருந்தது. தாய்மாமன் என் மடியில் வைத்துக் காது குத்திய பிள்ளை. ஒரு பிடி மண் போட என்னால் முடியவில்லை.

நான் போனபோது அக்கா அழுது தீர்த்திருந்தாள். தோட்டத்து ஓரத்தில் புதைத்த இடத்தைக் காட்டினாள். எங்கள் பக்கத்தில் சின்னப் பிள்ளைகளை எரிப்பதில்லை, புதைப்பதுதான். மூன்றாம் நாள் பால் ஊற்றுவதோடு சரி. அதற்குப் பிறகு திதி, திவசம் எதுவும் கிடையாது.

"பெரியவுகளுக்குன்னா வருஷத்துல ஒரு நாள் இருக்கு, நெனைச்சு அழ," என்றாள். "இவனுக்கு ஒரு நாளும் கெடையாதுன்னு சொல்லிட்டாக."

திரும்பி நடக்கும்போதுதான் முதல் தடவையாக அந்தக் கேள்வியைக் கேட்டாள். "சின்னப் பாண்டி நல்லா இருக்கானா?"

நல்லா இருக்கான் என்றேன்.

மருந்து வேலை செய்ததா என்று பார்க்க, கூடு கட்டிய எலியையும் கடைசியில் கொன்று மூளையைச் சீவிப் பார்க்க வேண்டும். அவள் அதைக் கேட்டதில்லை. நானும் சொன்னதில்லை.

5

என் மகள் நிலாவுக்குப் பதினைந்து வயசு. நான் தமிழில் கேட்டால் ஜெர்மனில் பதில் சொல்வாள். அவளிடம் இருக்கும் கொஞ்சத் தமிழும் அக்காவோடு வீடியோவில் பேசிப் பேசி வந்ததுதான். சனிக்கிழமைத் தமிழ் வகுப்பில் 'அங்கன, இங்கன' என்று சொல்லி டீச்சரிடம் திட்டு வாங்கியிருக்கிறாள்.

அவள் இறைச்சியை விட்டாள், பிறகு முட்டையை, பிறகு பாலையும் விட்டாள். போன வருஷம் ஒரு நாள் டிராமில் வந்துகொண்டிருந்தேன். சந்தைத் திடலில் விலங்குச் சோதனையை எதிர்த்து ஒரு கூட்டம் நின்றது. கையில் எலிப் படம் போட்ட அட்டையோடு முன்வரிசையில் என் மகள். அவளும் என்னைப் பார்த்துவிட்டாள். நான் கையசைக்க எடுத்த கையால் தலையைச் சொறிந்துகொண்டேன்.

வீட்டில் சண்டையெல்லாம் இல்லை. சாப்பிடும்போது அவள் கேட்டாள், அன்றைக்குத் தமிழிலேயே கேட்டாள். "அப்பா, பாண்டியும் செத்துட்டான். எலியும் செத்துச்சு. யாருக்கு என்ன கெடைச்சுச்சு?"

"அடுத்துப் பிறக்கிற பிள்ளைக்குக் கிடைக்கும்" என்றேன். அது உண்மைதான். எங்கள் எலிகளிடம் கிடைத்ததை வைத்துத்தான் வேறு ஊரில் அடுத்த வேலை நடக்கிறது. ஆனாலும் தட்டைப் பார்த்துக்கொண்டுதான் சொன்னேன்.

அவளுக்குத் தெரியாத ஒன்று உண்டு. ஒரு கூட்டத்தில் முடிவுகளைப் படித்துக்கொண்டிருந்தேன். 'விலங்குகள்' என்று சொல்ல வேண்டிய இடத்தில் என் வாய், 'குழந்தைகள்' என்று சொல்லிவிட்டது. "இந்தக் குழந்தைகளில் பாதிக்கு மேல் வலிப்பு நின்றது. பின்னர் அவை கொல்லப்பட்டன." பேராசிரியர் மெதுவாக, "விலங்குகள்" என்று திருத்தினார். நான் மன்னிப்புக் கேட்டுவிட்டு மறுபடி படித்தேன். மொழி வராததால் வந்த தவறு என்று எல்லோரும் நினைத்துக்கொண்டார்கள். அவ்வளவு ஜெர்மன் எனக்குத் தெரியும்.

6

வியாழக்கிழமை வேலை முடிந்தது. மற்றவர்களிடம் விடாமல் நானே செய்கிறேன் என்று கேட்டு வாங்கிக்கொண்டேன். மயக்க வாயு, தூங்குவதுபோலப் போய்விடும். கடைசிக் கூண்டில் இருந்தது கூடு கட்டிய எலி ஒன்றின் பேரப்பிள்ளை. அதுவும் கட்டியிருந்தது. கூட்டைக் கலைக்காமல் தூக்க முடியுமா என்று பார்த்தேன். முடியவில்லை. உடல்களைப் பையில் போட்டு உறைபெட்டியில் வைப்பார்கள். பிறகு வண்டி வந்து எரி உலைக்கு எடுத்துப் போகும்.

ஞாயிற்றுக்கிழமை வீடியோவில் போன் வந்தது. மனைவி வேலைக்குப் போயிருந்தாள். நிலா சோபாவில் படுத்து ஏதோ படித்துக்கொண்டிருந்தாள். மழை உண்டா, திராட்சைக்கு விலை உண்டா என்று பேசி முடித்தோம்.

"சின்னப் பாண்டி நல்லா இருக்கானா தம்பி?"

மூன்று நாளாக மனசுக்குள் சொல்லிப் பார்த்த வாக்கியம் ஒன்று இருந்தது. வாயைத் திறந்தேன், வரவில்லை. நிலா எழுந்து வந்து என் கையிலிருந்து போனை வாங்கினாள். இந்த ஊரில் வளர்ந்த பிள்ளை. மனசில் இருப்பதை முகத்துக்கு நேரே சொல்லிப் பழகியவள்.

"அத்தை, எலியெல்லாம் செத்துப்போச்சு" என்றாள்.

அந்தப் பக்கம் எங்கோ தண்ணீர் விழும் ஓசை மட்டும் கேட்டது.

"எல்லாமா?"

"எல்லாந்தான் அத்தை."

"ஒண்ணு கூட மிச்சமில்லையா தாயி?"

"இல்ல அத்தை."

"நோவுபட்டுச் செத்துச்சா?"

நிலா என்னைப் பார்த்தாள். வியாழக்கிழமை இரவே சொல்லியிருந்தேன், அவளுக்கு எல்லாம் தெரியும். நான் குனிந்து போனுக்குப் பக்கத்தில் சொன்னேன். "இல்லக்கா. வலியில்லாமப் போச்சு. தூக்கத்துல."

"தூக்கத்துலயா," என்றாள் அக்கா. "அவனுக்கு அது கெடைக்கலையே."

அக்கா முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு நிமிர்ந்தாள். அடுத்து என்ன கேட்பாள் என்று எனக்குத் தெரிந்திருக்க வேண்டும்.

"எரிச்சீகளா, பொதைச்சீகளா?"

உறைபெட்டி, பை, வண்டி எல்லாம் என் கண்முன் வந்து நின்றது. எரித்தார்கள் என்று சொன்னால் இவள் தாங்கமாட்டாள். பிள்ளையை யாராவது எரிப்பார்களா? அதற்குள் நிலா சொன்னாள்.

"பொதைச்சோம் அத்தை."

"எங்கன?"

"இங்கனதான். வீட்டுக்குப் பின்னாடி. ஆப்பிள் மரம் இருக்குல்ல, அதுக்கு அடியில."

பொய் சொல்லத் தெரியாத பிள்ளை. அக்கா சொல்லிக்கொடுத்த அதே தமிழில், அக்காவுக்கே சொன்னாள்.

"பால் ஊத்துனீகளா?"

"நாளைக்கு ஊத்துறோம் அத்தை."

"மறந்துராத ஆத்தா" என்றாள் அக்கா. "உங்கப்பனுக்கு ஞாபகம் இருக்காது. நீ ஊத்து."

மறுநாள் பள்ளிக்குக் கிளம்புவதற்கு முன் நிலா குளிர்பெட்டியைத் திறந்தாள். பசும்பால் ஒரு பக்கம் இருந்தது, அவள் குடிக்கும் ஓட்ஸ் பால் ஒரு பக்கம். ஓட்ஸ் பாலை எடுத்தாள். நான் பார்ப்பதைப் பார்த்துவிட்டு, "அது கன்னுக்குட்டியோடதுப்பா. பாண்டிக்கு இது போதும். அத்தைட்டச் சொல்லிராதீக" என்றாள்.

எலி என்று சொல்லவில்லை. பாண்டி என்றுதான் சொன்னாள்.

ஷூவை மாட்டிக்கொண்டு ஈரப் புல்லில் நடந்து போய் மரத்தடியில் குனிந்தாள். அந்த மண்ணுக்குள் ஒன்றும் இல்லை என்று எங்கள் இரண்டு பேருக்கும் தெரியும். கொஞ்சமாக ஊற்றிவிட்டு வந்துவிடுவாள் என்று நினைத்தேன். அவள் பாக்கெட் காலியாகும்வரை ஊற்றினாள். பிறகு தள்ளி நின்று, "நீங்க மண்ணு போடுங்கப்பா. அன்னைக்குப் போட முடியலைல்ல" என்றாள்.

நான் ஒரு பிடி எடுத்துப் போட்டேன்.